மேற்படி கோப்புகள்

டிஸ்க் முதலில் பல்லியைப் போலத்தான் சத்தமிட்டது.
செம்பூரில் மூன்றாவது மாடி,
ஜூலை மழைக்கு ஒதுங்கிய பல்லி என்றே
ஒரு வாரம் நம்பினேன்.
பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் வழக்கமில்லை எனக்கு.
எட்டாம் நாள் பலன் தானாக வந்தது,
நீலத் திரையாக.

பத்திரம் மொழிபெயர்க்கிறவன் நான்.
தாராவியிலிருந்தும் கோலிவாடாவிலிருந்தும்
பிளாஸ்டிக் உறைக்குள் பதினேழு சென்ட் நிலத்தை
மடித்துக்கொண்டு வருகிறார்கள்.
ஆங்கிலத்தில் விரித்துத் தருகிறேன்,
பக்கத்துக்கு இருநூற்றைம்பது.

லாமிங்டன் ரோட்டில் பாவேஷ்
தேங்காய் பார்க்கிறவன் மாதிரி
டிஸ்கைக் காதருகே ஆட்டிக் கேட்டான்.
எண்பது பர்சென்ட் வரும் என்றான்.
எந்த எண்பது என்றேன்.
பக்கத்துக் கடையிலும் சிரித்தார்கள்.

வந்தது அறுபத்தொன்று. ஒன்பதாயிரம் ரூபாய்.
அதில் ஒரு கிரயப் பத்திரம்
தெற்கெல்லை இல்லாமல் வந்தது.
அந்த நிலம் இன்னும்
ஒரு பக்கம் திறந்தே கிடக்கிறது.

அதற்கப்புறம்தான்
நல்ல பேக்கப் மென்பொருள் எதுவென்று தேட உட்கார்ந்தேன்,
ஒழுகிய பிறகு ஓடு விலை கேட்பவனாக.
எல்லாமே சேமிப்பதைப் பற்றியே பேசின.
தானாகச் சேமிக்குமாம், தூங்கும்போது சேமிக்குமாம்,
மேகத்தில் சேமிக்குமாம்
(ஜூலையில் பம்பாய்க்காரனிடம் மேகத்தைப் புகழ்கிறார்கள்).
திருப்பித் தருவாயா என்று கேட்டால் மட்டும்
சீட்டுக் கம்பெனிக்காரன்போல
டீ சாப்பிடுறீங்களா என்ற முகம்.

சரி, நானே ஒரு கோப்பை அழிப்பேன்,
எது கொண்டுவருகிறதோ அதுவே என் ஆள்.

எதை அழிப்பது?
அங்கேதான் கை நின்றது.
போன வருட மின்கட்டண ரசீதா?
வராவிட்டால் வலிக்காது.
வலிக்காத சோதனை என்ன சோதனை?
'செல்லம்மாள் வகையறா பாகப்பிரிவினை':
நான்கு மாத வேலை, ஏழு வாரிசுகள், அடுத்த மாதம் கோர்ட்.
அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன்.
ஒரு பிரதி பென் டிரைவில், சட்டைப்பையில் இருந்தது.
அவ்வளவு வீரனில்லை நான்.

முதல் மென்பொருள் கொண்டுவந்தது. ஆனால்
தமிழ்ப் பெயர் அதற்குப் பிடிபடவில்லை.
செல்லம்மாளும் அவள் வாரிசுகளும்
கேள்விக்குறிகளாக வரிசையில் நின்றார்கள்.

இன்னொன்று பதினோரு இரவு பச்சை டிக் காட்டியது.
பன்னிரண்டாம் நாள் திறந்தால்
வீடு இருக்கிறது, வாசல் இருக்கிறது,
உள்ளே சாமான் எதுவும் இல்லை.
நடுவில் ஒன்று, பாதி மீட்டுவிட்டு
மீதிக்குக் கார்டு நம்பர் கேட்டது.
அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

கடைசியாக வந்ததற்கு முகமே கிடையாது.
சாம்பல் ஜன்னல், சின்ன எழுத்து,
உள்ளே நுழையும்போதே ஒரு வரி:
கடவுச்சொல்லை மறந்தால் எங்களாலும் திறக்க முடியாது.
இத்தனை நாளில் முதல் ஆள் 'முடியாது' என்றது.
அங்கேயே பாதி விலை படிந்துவிட்டது.
செல்லம்மாள் வந்தாள்,
ஒரு புள்ளி குறையாமல்,
மார்ச்சில் இரவு இரண்டு பத்துக்கு
கடைசியாய்த் திருத்திய அதே தேதியோடு.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு
ஒரு கோப்பை அழித்து மீட்டுப் பார்க்கிறேன்.
இரண்டாவது டிஸ்கை
டிபன் டப்பாவில் வைத்து
ஹார்பர் லைனில் கழிமுகம் தாண்டி
வாஷியில் ஜெசிந்தாவின் பீரோவில் சேர்த்தாயிற்று.
என்ன இருக்கிறது இதில் என்றாள்.
பிறத்தியார் நிலம் என்றேன்.
மழை இரண்டு ஊரையும் ஒரே நாளில் மூழ்கடிக்காது
என்றொரு கணக்கு.
பொய்க் கணக்காகவும் இருக்கலாம்.

மேற்படி கோப்புகளுக்கு நான்கெல்லையாவது:
கிழக்கே ஜெசிந்தாவின் பீரோ.
தெற்கே பாவேஷ் கடை, இனி போகாமலிருக்க.
மேற்கே கடல்.
வடக்கே, எங்கும் எழுதி வைக்காத
பதினான்கு எழுத்துகள்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே
பக்கத்தில் எங்கோ டிக், டிக்.
விளக்கைப் போட்டு எழுந்துபோய்ப் பார்த்தேன்.
பல்லிதான்.